புதுக் கூலரும் பழைய சூடும்: விலைவரிசைக் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கரகரவென்று சத்தம் போட்ட பழைய கூலரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டினால், ப்ராசசர் முன்னைவிடக் கூடுதலாகக் கொதிக்கிறது. சும்மா இருக்கையிலேயே 75 டிகிரி. ஒரு கேமைத் திறந்தால் நொடிகளில் 100. இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றுக்கு 100தான் எல்லை. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைக்கும். வீட்டார் இந்நிலையை 'சிஸ்டம் ஸ்லோ' என்று வழங்குவர். காசைக் கொடுத்துச் சூட்டை வாங்குவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2004இல் எல்ஜிஏ 775 சாக்கெட்டோடு வந்த, நான்கு பிளாஸ்டிக் கால்களை அழுத்திப் பொருத்தும் கூலர் மரபே ஆய்வு எல்லை. தண்ணீர்க் கூலர்கள் ஆய்வாளரின் பொருளாதார எல்லைக்கு அப்பாற்பட்டவை ஆதலின் விலக்கப்பட்டன.

2. முன்னோர் கருத்துகள்

இப்பொருளில் மூன்று கட்சியினர் உளர். 'கரண்ட் சரியில்லை, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்று' என்பர் மின்சாரக் கட்சியினர். 'ஃபார்மேட் பண்ணு' என்பர் வைரஸ் கட்சியினர். இவர்கள் எந்த நோய்க்கும் இதையே சொல்வர். 'கத்திரி வெயில், அப்படித்தான் இருக்கும்' என்பர் வெயில் கட்சியினர். மூன்றாமவர் கூற்றில் சிறிது உண்மை உண்டு: எந்தக் காற்றுக் கூலரும் ப்ராசசரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. ஆனால் நேற்றும் இதே வெயில்தான். மாறியது கூலர் மட்டுமே.

இவற்றினின்று பெறப்படும் கருதுகோள்: *சந்தேகம் விலை உயர்ந்த பொருளிலிருந்து கீழிறங்கும், பிழையோ இலவசமான இடத்தில் குடியிருக்கும்.*

3. சான்றுகள்

3.1 சூடு ஏறும் வேகம். நொடிகளில் 100ஐத் தொட்டால் கூலரின் அடிப்பாகம் ப்ராசசர்மேல் சரியாக உட்காரவில்லை. பல நிமிடங்களில் மெல்ல ஏறினால் ஃபேனையோ கேபினட்டின் காற்றோட்டத்தையோ பார்க்கலாம். இச்சோதனைக்குச் செலவு இல்லை. ஆகவே எவரும் செய்வதில்லை.

3.2 தாள். பல கூலர்களின் அடியில், மாட்டுமுன் உரிக்க வேண்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். 'உரித்துவிட்டு மாட்டவும்' என்று அதிலேயே அச்சிட்டிருப்பதும் உண்டு. மாட்டிய பின் அவ்வெழுத்து ப்ராசசரைப் பார்த்தபடி இருப்பதால் மனிதர்க்குப் பயன்படுவதில்லை.

3.3 நாலாவது கால். காலின் தலையை அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் கழலும். மாட்டும் முன் நான்கையும் எதிர்ப்பக்கம் திருப்பிவைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்த வேண்டும். மூன்று 'டக்' கேட்டதும் நாலாவதும் கேட்டதாகக் கொள்வது மனித இயல்பு. மதர்போர்டின் முதுகுப்பக்கம் டார்ச் அடித்தால் உண்மை தெரியும்: வெள்ளைக் கால் பிளந்து, நடுவில் கறுப்பு ஊசி முனை நிற்க வேண்டும். எத்தனை அழுத்தியும் நுழையாவிடில் சாக்கெட்டே வேறு. துளை இடைவெளி 775இல் 72 மி.மீ., 1155, 1151, 1200 ஆகியவற்றில் 75, 1700இல் 78. மூன்று மில்லிமீட்டரை முழங்கையால் ஈடுகட்ட இயலாது.

3.4 பேஸ்ட் விவாதம். மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில் செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய 400. அசையாக் காற்றினது 0.026. இரு உலோகப் பரப்புகளிடையே கண்ணுக்குத் தெரியாமல் தங்கும் அக்காற்றை வெளியேற்றவே பேஸ்ட். நடுவில் பட்டாணியளவு வைப்போர், பெருக்கல் குறி போடுவோர், அட்டையால் பூசி மெழுகுவோர் எனப் பிரிந்து நிகழும் போரில் எத்தரப்பினரும் இன்னும் சோர்ந்திலர். கூலரின் அழுத்தமே பேஸ்டைப் பரப்பிவிடுவதால் இம்முறைகளுக்கிடையே வேறுபாடு மிகச் சிறிது. பழைய காய்ந்த பேஸ்டைத் துடைக்காமல் அதன்மேலேயே புதியது வைப்போர் மூன்று அணியிலும் உளர். கூலரைத் தூக்கிப் பார்க்கையில் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால், 3.3க்குத் திரும்புக.

3.5 நான்கு கம்பிகள். ஃபேன் வயரில் எர்த், 12 வோல்ட், சுற்று வேகத்தைச் சொல்வது, வேகத்தை ஆள்வது என நான்கு. சி.பி.யூ. ஃபேனுக்கு உரிய இடத்தில் செருகாமல் பக்கத்துக் கேபினட் ஃபேன் இடத்தில் செருகினாலும் ஃபேன் சுற்றும். ஆயினும் பல போர்டுகளில் 'சி.பி.யூ. ஃபேன் எரர்' என்று எழுதி, எஃப்1 அழுத்தச் சொல்லி பயாஸ் நின்றுவிடும். கண்ணெதிரே சுழல்வதை இல்லையென்று சாதிக்கும் இந்நிலையில் பயாஸே வெல்லும்.

4. முடிவு

தாள், கால், துடைப்பு, செருகுமிடம்: நான்கில் எதைச் சரிசெய்யவும் பேஸ்ட் காசுக்குமேல் ஆகாது. எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்புமுன் சந்தேகங்களை விலைவாரியாக எழுதி, பட்டியலைத் தலைகீழாகப் படித்தல் வேண்டும். வாங்கி வந்துவிட்டவர்கள் இம்முடிவுரையைக்கூடப் படித்திராதவர்கள் என்பதும் நோக்கத்தக்கது.

5. மேலாய்வுக்கு உரியவை

எல்லாம் மாட்டியபின் பெட்டியில் மிஞ்சும் திருகுகளும் தகடுகளும். அவை பெரும்பாலும் ஏஎம்டி போர்டுக்கு உரியவை என்று தெரிந்தும், ஏஎம்டி போர்டே இல்லாத வீடுகளில் அவை தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்படுவது ஏன் என்பது தனி ஆய்வேட்டுக்கு உரிய பொருள்.