சீசன்காரர்

சீசன்காரர் வீட்டில் என்ன சமையல் என்பதை வயிறு தீர்மானிப்பதில்லை. கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தீர்மானிக்கிறது. மாசி வந்தால் புளி. பங்குனி வந்தால் மிளகாய், கருவாடு. ஆடியில் தள்ளுபடி, ஆகஸ்ட் 15-க்கு சூப்பர் மார்க்கெட். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் மடித்த துணிப்பை இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார்.

இவரைக் கஞ்சன் என்பது அநியாயம். கஞ்சன் வாங்கவே மாட்டான். இவர் வாங்கித் தள்ளுவார். திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் 12 வருஷத்துக்கு ஒருமுறை பிறக்கும் சங்குக்காக ஊரே காத்திருக்கும். அந்தப் பொறுமை இவருக்குத் துவரம்பருப்பு விஷயத்திலேயே உண்டு. விலை இறங்கும்வரை வீட்டில் ரசம்தான்.

மதுராந்தகம் பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும் அரிசி மூட்டைகள் வந்து இறங்கும். புது அரிசி குழையும், பழசானால் விலை கூடும்; ஆகவே புதிதாக வாங்கி வீட்டிலேயே பழசாக்குவது அவர் சித்தாந்தம். ஊரெல்லாம் புது அரிசியில் பொங்கல் வைக்கிற அன்று இவர் வீட்டில் போன வருஷத்து மூட்டை பிரிபடும். மூட்டைகள் இருப்பது கட்டிலுக்கு அடியில். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசமாக வந்த சந்தன சோப்புகளும் அங்கேதான். ஒரு கார்த்திகை முழுக்கத் தயிர்சாதம் சந்தனமாக மணந்தது. வந்திருந்த சம்பந்தியம்மாள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "கோயில் பிரசாதமா?" என்று பயபக்தியோடு கேட்டார்.

2025 செப்டம்பர் 3-ம் தேதி ராத்திரி ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பு வந்தது. பற்பசை, சோப்பு, ஷாம்பு எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5. நெய் 12-லிருந்து 5. அமல் 22-ம் தேதி முதல். மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் பற்பசைக்கு ஊரடங்கு. டியூபை அடியிலிருந்து சுருட்டினார்கள். பிறகு சப்பாத்திக் கட்டையால் உருட்டினார்கள். கடைசியில் கத்தரிக்கோலால் வயிற்றைக் கிழித்து, பிரஷ்ஷால் உள்சுவரை வழித்து, காய்ந்துவிடாமல் இருக்கத் துணி கிளிப் போட்டு வைத்தார்கள். கடைசி நாலு நாள் உப்பு.

22-ம் தேதி கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். "பழைய ஸ்டாக் சார்" என்று அண்ணாச்சி இழுத்தார். பேப்பர் கட்டிங்கை எடுத்து நீட்டினார் நம்மவர். அண்ணாச்சி அதைப் படிக்கவில்லை. அவர் முகத்தைப் படித்துவிட்டுக் குறைத்துக் கொடுத்தார். பழைய விலை 100 ரூபாய் என்றால் மிச்சம் 11 ரூபாய். ஆட்டோவுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்பது நாகரிகமில்லை.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அவருடைய உச்சம் மீன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். கொக்கிலமேடு, தேவனேரி பக்கம் ஃபைபர் படகுகள் போய்வரும்தான். ஆனால் சென்னைக் கார்கள் கரைக்கே வந்து நின்றுவிடுவதால் சங்கராகூட வஞ்சிர விலை பேசும். நம்மவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பங்குனியில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டிலேயே கோடையைத் தாண்டுவார். காத்திருப்பது புரட்டாசிக்கு. பாதி ஊர் கவிச்சியை விட்டுவிடும், விலை இறங்கும். அதிலும் சனிக்கிழமை, கூட்டமே இருக்காது. முதல் சனிக்கிழமை விடிந்ததும் மாமல்லபுரம் பஸ் ஏறிவிடுவார். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நிறம் பிடித்திருந்தும் உதட்டைப் பிதுக்கி, அரைமணி பேரம் பேசி, ஜெயித்துத் திரும்புவார்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. அவர் மனைவியும் புரட்டாசி விரதம்.

வீடு கழுவி, மாவிளக்குக்கு மாவு இடித்து, தளிகைக்குச் சாமான் எடுத்து வைத்திருக்கும் அம்மாள் வாசலிலேயே மறிப்பார். "ஏங்க, படி தாண்டாதீங்க."

"ஃப்ரீசர்ல வெச்சா ஐப்பசி வரைக்கும்..."

"பெருமாளுக்குப் பால் அதுலதான் இருக்கு."

பை அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர்கள் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். புரட்டாசி அவர்களைத் தொடாது. "எவ்வளவுக்கு வாங்கினேன் தெரியுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு புளியோதரைக்கு உட்காருவார். முகத்தில் வருத்தமே இருக்காது. கிலோவுக்கு இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்தவருக்கு என்ன வருத்தம்?

அடுத்த சனிக்கிழமையும் போவார். மீன்காரம்மா கேட்பாள்: "இன்னா சார், வூட்ல ஒத்துக்கினாங்களா?"

"அதை விடும்மா. இன்னிக்கு என்ன ரேட்டு?"

பக்கத்து வீட்டுக்காரர் புரட்டாசி மாதத்தில் மீன் வாங்கப் போவதே கிடையாது. சனிக்கிழமை காலையில் மசாலாவை அரைத்து வைத்துவிட்டு, மாமல்லபுரம் பஸ் திரும்பும் சத்தம் கேட்கிறதா என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.