ஒரு காபிக்கு ஏழு வேற்றுமை: செர்போ-குரோஷியத் தனிப்படிப்பு குறித்த ஓர் ஆய்வு

பால்கன் பகுதியைப் பற்றிய நூல்களுக்கு உலகில் பஞ்சமில்லை. டிட்டோவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். யூகோஸ்லாவியா உடைந்ததைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் துணையின்றி, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி செர்போ-குரோஷியம் கற்கும் ஒருவர் அந்த மொழியில் ஒரு காபி கேட்கும் நிலையை எப்போது எய்துகிறார் என்ற கேள்வியை அறிவுலகம் இதுகாறும் தீண்டவே இல்லை. இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். காபியைக் கேட்பதும் குடிப்பதும் ஆய்வெல்லைக்குள் அடங்கும். பில் கட்டுவது அடங்காது.

முதலில் காலக்கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், தன் ஊழியர் ஒருவர் செர்போ-குரோஷியத்தில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 44 வாரம், அதாவது 1,100 மணி நேர வகுப்பு ஆகும் என்கிறது. அதே கடின மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. இரண்டு மொழியும் ஒரே எடை. ஒன்று நமக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது. ஆகவே 1,100-இல் 1,100 போக மீதி சுழியம். கணக்கில் பிழை இல்லை. நடைமுறைதான் ஒத்துழைக்க மறுக்கிறது.

அடுத்தது, கற்க எடுத்துக்கொண்ட மொழி எது என்ற சிக்கல். சாதாரணமாக ஒரு மொழியைப் படிக்கத் தொடங்குபவர் அதன் பெயரையாவது தெரிந்துகொண்டு தொடங்குவார். இங்கே அந்த வசதி கிடையாது. 1850-இல் வியன்னாவில் கூடிய செர்பிய, குரோஷிய எழுத்தாளர்கள் பொது எழுத்து மொழிக்கு எந்த வட்டார வழக்கை அடித்தளமாகக் கொள்வது என்று ஒப்புக்கொண்டார்கள். பெயர் வைக்காமல் கலைந்துபோனார்கள். 1954-இல் நோவி சாத் நகரில் கூடியவர்கள், செர்பியரும் குரோஷியரும் மாண்டினீக்ரோவினரும் பேசுவது ஒரே மொழி என்றார்கள். 1967-இல் குரோஷியப் பண்பாட்டு அமைப்புகள், எங்கள் மொழிக்கு எங்கள் பெயர்தான் என்று அறிக்கை விட்டன. யூகோஸ்லாவியா உடைந்த பிறகு மொழியும் செர்பியம், குரோஷியம், பாஸ்னியம், மாண்டினீக்ரியம் என்று நான்கானது. 2017-இல் சரயேவோவில் வெளியான இன்னோர் அறிக்கை, நான்கும் ஒரே மொழியின் நான்கு வடிவங்களே என்றது. படிப்பவர் இதையெல்லாம் வாசித்து முடிக்கையில் வார இறுதி முடிந்திருக்கும். பாடநூலின் முதல் பக்கம் இன்னும் திறக்கப்பட்டிருக்காது.

பாஸ்னிய சிகரெட் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது இந்தக் கட்டத்தில் பயனளிக்கும் (புகைக்க அல்ல, படிக்க). எச்சரிக்கை வாசகம் பாஸ்னியத்தில் ஒருமுறை, குரோஷியத்தில் ஒருமுறை, செர்பியத்தில் ஒருமுறை என மூன்று முறை அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூன்றாவது, அதே சொற்கள் சிரில்லிக் எழுத்தில். மும்மொழிப் பாடநூல் இதைவிட மலிவாகக் கிடைப்பது அரிது.

பேசுபவர்களே பெயர்ச் சண்டையிலிருந்து தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் எதிர்ப்படும் ஊர்க்காரரிடம் 'நாஷ்கி' தெரியுமா என்று கேட்பார்கள். நம்ம மொழி தெரியுமா என்பது போல. 'நாஷ்' என்பது 'நம்' ஆகவும் இருக்கலாம், 'எங்கள்' ஆகவும் இருக்கலாம். கேட்பவரையும் சேர்த்தா, விட்டுவிட்டா என்று காட்டும் வேறுபாடு அந்த மொழியில் இல்லை. தமிழைப் போல இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

எழுத்தைப் பொறுத்தவரை நல்ல செய்தி. வூக் கராஜிச் சிரில்லிக்கையும், லியூதெவித் காய் லத்தீன் எழுத்தையும் 19-ஆம் நூற்றாண்டில் சீர்செய்து வைத்தார்கள். இங்கே 30, அங்கே 30. ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து. எழுதியபடி வாசிக்கலாம், நாக்கு ஒத்துழைத்தால். ஒத்துழைக்காத இடம் ஒன்று உண்டு. அவர்கள் ரகர மெய்யையே உயிராக்கி நடுவில் நிறுத்திச் சொல் கட்டுவார்கள். இரத்தம், விரல், நகரச் சதுக்கம் ஆகிய மூன்றுக்கும் அங்கே உயிரெழுத்தே இல்லாத சொற்கள். அட்ரியாட்டிக் கடலில் க், ர், க் என்று மூன்றே மெய்யில் ஒரு பெரிய தீவு இருக்கிறது. மெய்யெழுத்தில் சொல் தொடங்கக் கூடாது என்ற தொல்காப்பிய ஒழுக்கத்தில் வளர்ந்தவர் அதைக் 'கிருக்கு' என்றுதான் எழுத முடியும். இடையினம், வல்லினம் என்று எவ்வளவு விளக்கினாலும் கேட்பவர் காதில் வேறு சொல்தான் விழும்.

இனி காபி. பெல்கிரேடில் அது காஃபா. ஸாக்ரெபில் காவா. சரயேவோவில் காஃபா என்பாரும் உண்டு, காஹ்வா என்பாரும் உண்டு. பித்தளைத் தட்டில், நீள்பிடிச் செம்புக் குவளையும் கைப்பிடியில்லாச் சிறு கிண்ணமும் லோகும் மிட்டாயுமாக வரும். ஊர் மாற்றிச் சொன்னால் அடிப்பார்களோ என்ற அச்சம் தனிப்படிப்பாளர்கள் எல்லோரிடமும் காணப்படுகிறது. எங்கே எதைச் சொன்னாலும் காபிதான் வரும். கொண்டுவருபவர் ஒருவேளை புன்னகைப்பார்.

உண்மையான இடர் பெயரில் இல்லை, பாலில் இருக்கிறது. (மாட்டுப் பால் அல்ல.) வேற்றுமை என்றதும் தமிழர் நெஞ்சு நிமிர்வது இயல்பு: அவர்களுக்கு ஏழு, நமக்கு விளியோடு எட்டு. ஆனால் நம்முடைய 'ஐ' ஆள் பார்ப்பதில்லை. காபியை, டீயை, பீரை, மேனேஜரை என்று எல்லோர் பின்னாலும் போய் நிற்கும். அவர்களுடைய இரண்டாம் வேற்றுமை பால் பார்க்கும், எண் பார்க்கும், ஆண்பாலானால் உயிர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டே உருவெடுக்கும். முன்னால் நிற்கும் அடைமொழியும் கூடவே உருமாற வேண்டும். காபி பெண்பால், கேட்ட நொடியில் காஃபா, காஃபு ஆகிவிடும். ஸாக்ரெபில் 'யெத்னு காவு, மோலிம்' என்றால் தயவுசெய்து ஒரு காபி என்று பொருள். காவு என்ற சொல்லை ஊர் எல்லைச் சாமியோடு சேர்த்தே கேட்டுப் பழகியவருக்கு அதைச் சிரித்த முகத்தோடு சொல்லத் தனிப் பயிற்சி தேவை.

நண்பர்களோடு போவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு, மூன்று, நான்கு காபி வரை 'காஃபெ'. ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தால் 'காஃபா', ஆனால் இது பழைய காஃபா அல்ல, ஆறாம் வேற்றுமைப் பன்மை. 21 பேர் ஆனதும் இலக்கணம் ஒருமைக்கே திரும்பிவிடும். அத்தனை பேர் சேரும் வரை காத்திருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

குடித்த பிறகும் விடுதலை இல்லை. குடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு வினை, குடித்து முடிப்பதற்கு வேறொரு வினை. முடித்ததைச் சொல்கையில் ஆண் 'போப்பியோ ஸம்' என்பார், பெண் 'போப்பிலா ஸம்' என்பார். நம் 'குடித்தேன்' பால் காட்டாது. அங்கே தன்மையிலும் காட்டியாக வேண்டும். தனிப்படிப்பாளருக்கே உரிய தனிநோய் இங்கேதான் தொற்றுகிறது. ஒலிப்பாடத்தில் பேசுபவர் ஒரு பெண்மணி. மீசை வைத்த மாணவர் அவரைப் பின்பற்றி, உச்சரிப்பு பிசகாமல், மாதக்கணக்கில் பெண்பாலில் காபி குடித்துவருவார். திருத்த ஆசிரியர் இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு மொழி தெரியாது.

அந்த 'ஸம்' போன்ற சிறு சொற்கள் இன்னொரு தலைவலி. அவை வாக்கியத்தின் முதலில் நிற்கவே நிற்காது. கல்யாணப் பந்தியில் இரண்டாவது இலைக்கு முந்துவது போல எல்லாமே இரண்டாம் இடத்துக்கு நெருக்கியடிக்கும், அதிலும் தங்களுக்குள் வரிசை வைத்துக்கொண்டு. 'அவள் அதைக் குடித்தாள்' என்பதில் 'அதை'க்கும் 'யெ', துணைவினைக்கும் 'யெ'. இரண்டு யெ அடுத்தடுத்து வருவது அழகல்ல என்று முதலாவது 'யு' ஆகிவிடும்: போப்பிலா யு யெ. ஒரு மடக்குக் காபிக்கு இத்தனை ஏற்பாடு.

மேற்கண்ட தரவுகளிலிருந்து கிடைக்கும் முடிவு, நாம் அறிந்தவரை இதற்குமுன் யாரும் முன்வைக்காதது: செர்போ-குரோஷிய இலக்கணம் காபிக்கு எதிரானது. தண்ணீரும் பெண்பால், வோதா, வோது ஆகும். ஆனால் பீர் எல்லா ஊரிலும் 'பிவோ' தான். நடுப்பால் ஆகையால் கேட்கும்போதும் 'பிவோ' தான். மது விலக்குடையோருக்குத் தேநீர் இருக்கிறது: 'சாய்'. ஆண்பால், உயிரற்றது, நான்கு நாட்டிலும் ஒரே சொல், இரண்டாம் வேற்றுமையில் துளி மாற்றமும் இல்லை. 'சாய், மோலிம்' என்று முதல் நாளே பிழையின்றிச் சொல்லிவிடலாம். தொடக்கநிலையினர் காபியைக் கைவிட்டுச் சாய்க்கு மாறுமாறு இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

நடைமுறையில் ஒரு சிறு குறிப்பு. அங்கே வெறுமனே சாய் என்றால் பெரும்பாலும் பழமோ புதினாவோ சீமைச் சாமந்தியோ ஊறிய வெந்நீர்தான் வரும். நம் தேயிலை வேண்டுமென்றால் கறுப்புச் சாய் என்று தனியாகச் சொல்ல வேண்டும். வெந்நீர்ச் சாயை அங்கே பலர் சளி பிடித்தால், வயிறு சரியில்லாவிட்டால் குடிப்பார்கள். ஆகவே பரிமாறுபவர் சற்றே குனிந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கனிவோடு விசாரிக்கக்கூடும். இல்லை, காபிதான் விருப்பம், இரண்டாம் வேற்றுமைதான் தடை என்று விளக்க ஒரு துணைவினையும், இரண்டு பெண்பால் பெயரும், மூன்று வேற்றுமையும் தேவைப்படும். ஆம் என்று தலையாட்டிவிடுவதே இலக்கணப்படி செலவு குறைந்தது. சீமைச் சாமந்தி தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும்.