அளவுகோலும் ஜாமீன் கையெழுத்தும்

திருக்குறளின் 80ஆம் அதிகாரமான நட்பாராய்தல், அதாவது நட்புக் கொள்ளுமுன் ஆளை ஆராய்ந்து தெளிதல், கேட்டிலும் ஒரு நன்மை உண்டென்றும் அது உறவினரை அளந்து காட்டும் கோல் என்றும் கூறுகிறது. அக்கோல் கைக்கு வரும்போது அளப்பவரிடம் வேறெதுவும் மிஞ்சியிருப்பதில்லை என்பதுதான் அதிலுள்ள சிறு குறை. இக்காலத்தில் அவ்வளவு பெரிய கேடு தேவைப்படுவதில்லை. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டாலே போதும். கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் தாம் கட்டுவதாக மற்றொருவர் ஏற்கும் இப்பொறுப்பை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, கடனாளியின் பொறுப்புக்குச் சமமாகவே வைக்கிறது. பிரிவு எண்ணை அறியாத சித்தப்பாக்களும் அதன் சாரத்தை நன்கறிந்திருப்பதால், கல்யாணப் பந்தியில் உயிரையே தருவதாகச் சொன்னவருக்கும் அன்று பார்த்துக் கண்ணாடி கிடைப்பதில்லை, பேனா எழுதுவதில்லை, மனைவியின் ஊரில் ஒரு துக்கமும் நேர்ந்துவிடுகிறது. கேட்டவரோ மனிதர்களைத் தாம் முற்றும் அறிந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சில ஆண்டுகள் கழித்து அதே சித்தப்பாவின் மகன் ஒரு படிவத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது, அந்த ஞானி கொல்லைப்புறக் கதவு வழியாக வெளியேறியிருப்பார்.