பத்தியக் கேக்

வண்ணாரப்பேட்டையில் ஆப்பிள் பழத்தில் சேர்த்தி இல்லை, மருந்தில் சேர்த்தி. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால் புரியும். தள்ளுவண்டிகளில் ஆப்பிள், பக்கத்தில் சாத்துக்குடி, கொஞ்சம் தள்ளி இளநீர். பார்க்க வருகிறவர் வாங்குவார், படுத்திருப்பவர் பார்ப்பார், துணைக்கு உட்கார்ந்திருக்கும் மச்சான் தின்பார். 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். கஞ்சிக்குப் பிறகு அந்த வாசலில் மரியாதை சம்பாதித்த உணவு ஆப்பிள்தான். அதனால் ஒரு கிலோ ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு எம்.சி. ரோட்டில் நடக்கிறவனை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

"இன்னாபா, ஸ்டான்லில யார்னா படுத்துகினு கீறாங்களா?"

இல்லை, கேக் செய்யப் போகிறேன் என்றேன். கேட்டவர் என்னை ஒரு நிமிஷம் பரிதாபமாகப் பார்த்தார். "சொல்ல இஷ்டம் இல்லன்னா வுடு" என்று நகர்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கொருக்குப்பேட்டைச் சித்தியிடமிருந்து போன் வந்தது, அம்மாவுக்கு எந்த வார்டு என்று கேட்டு. போனை எடுத்ததே அம்மாதான்.

இந்த யோசனை ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தது. என் தங்கை கல்யாணமாகிப் போன ஊர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று, நான்கு மணிக்கு அங்கே காபியும் கேக்குமாக உட்கார்ந்துவிடுவார்களாம். கணக்கை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினாள்: வெண்ணெய் 125 கிராம், சர்க்கரை 125 கிராம், முட்டை மூன்று, மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம், ஒரு கரண்டி பால். ஆப்பிளைத் தோல் சீவி, நாலாக வெட்டி, முதுகில் நெருக்கமாகக் கீறி, கீறிய பக்கம் மேலே தெரிய மாவின் மேல் அடுக்க வேண்டும். வேகும்போது மாவு பொங்கி ஆப்பிளைச் சூழ்ந்துகொள்ளும். "ரொம்ப ஈஸிண்ணா, இங்க குழந்தைங்களே பண்ணும்" என்றாள். குழந்தைகள் பண்ணும், சரி. அந்தக் குழந்தைகளுக்கு அண்ணாச்சி கடை கிடையாது, என் அம்மாவும் கிடையாது.

மாடி வீட்டுப் பெரியவருக்கு ஜெர்மன் என்று காதில் விழுந்ததுமே 1914 ஞாபகம் வந்துவிட்டது. அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் நடந்ததுதான், ஆனால் பீச்சில் நின்று பார்த்தவர் தோரணையில் சொல்வார். செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் சத்தமில்லாமல் வந்து நின்று, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு, இருட்டோடு இருட்டாகப் போய்விட்டது. பட்டணமே மூட்டை கட்டியது. "அவன் ஊர் கேக்க நம்பலாமா?" என்றார். என்றாலும் ஒரு துண்டு மேலே அனுப்பச் சொன்னார்.

புளிக்கிற ஆப்பிளாக வாங்கு என்று தங்கை திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். அங்கே போஸ்கோப் என்று ஒன்று, சொரசொரத் தோலும் கெட்டிச் சதையும் நல்ல புளிப்புமாக இருக்குமாம். ஹாலந்தில் அதே பெயருள்ள ஊரில் 1856-ல் தானாக முளைத்த கன்று அது. ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து முதல் ரயில் கிளம்பிய வருஷமும் 1856. (எதைப் பேசினாலும் அந்த ஸ்டேஷனை இழுக்காவிட்டால் எங்கள் ஊர்க்காரனுக்குத் தூக்கம் வராது.) நம் வண்டிகளில் இருப்பதெல்லாம் இனிப்பு ரகம். இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரர்கள் முதலில் நட்டவை புளிப்பான இங்கிலீஷ் வகைகள்தான், ஆனால் அவை நம் ஜனங்களின் வாய்க்குப் பிடிக்கவில்லை. பிறகு சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லாவுக்கு அப்பால் கோட்கரில் 1916 வாக்கில் அமெரிக்க டெலிஷியஸ் ரகத்தைக் கொண்டுவந்து நட்டார். மலையெல்லாம் இனித்துவிட்டது. அந்த மனிதர் நம் சுதந்திரத்துக்காக ஜெயிலுக்கும் போனவர் என்பதால் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

வண்டிக்காரர் தொழில் தெரிந்தவர். "பேஷண்டுக்குப் பல்லு கீதா? இல்லாங்காட்டி மாவா கீறதா தரேன்" என்றார். கெட்டியாக, புளிப்பாக வேண்டும் என்றேன். பச்சை ஆப்பிளைக் காட்டினார். "இது சுகர் பேஷண்டுக்கு. யாருக்கு, உனுக்கா?" விலையைக் கேட்டதும் எனக்கே சுகர் இறங்கியது. பாதி பச்சை, பாதி சிவப்பு என்று ராஜியானோம்.

மைதாவுக்கு அண்ணாச்சி கடை. "எரநூறு கிராம வச்சு என்ன செய்யப் போறிய? கால் கிலோவா வாங்கிட்டுப் போங்க" என்றார். வாங்கினேன். சர்க்கரை 125 என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அரைக்கால் கிலோன்னு சொன்னா முடிஞ்சு போச்சுல்லா" என்று கோபித்துக்கொண்டார். ஜெர்மன்காரர்களும் வீட்டுப் பேச்சில் 500 கிராமை ஒரு பவுண்டு என்றுதான் சொல்வார்கள், 125 அவர்களுக்குக் கால் பவுண்டு. அவர்களும் அண்ணாச்சியும் நேரில் பேசியிருந்தால் ஒரு நிமிஷத்தில் வியாபாரம் முடிந்திருக்கும்.

பேக்கிங் பவுடரை ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். பீலெஃபெல்ட் ஊரில் 1891-ல் மருந்துக்கடையை எடுத்து நடத்திய ஆகஸ்ட் ஓட்கர், ஒரு பவுண்டு மாவுக்கு ஒரு பொட்டலம் என்று அளந்து கட்டி விற்றார். இந்தத் தகவலை நான் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கக் கூடாது. "மருந்துக் கடைல வித்தது, ஆஸ்பத்திரி வாசல்ல வாங்குனது. இத சாப்பாட்டுக்கு முன்னால சாப்பிடணுமா, பின்னாலயா?" என்றார்.

வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பது குறிப்பு. எந்த அறை? ஸ்டுட்கார்ட் அறை 20 டிகிரி. மே மாத வண்ணாரப்பேட்டையில், மேலே மொட்டைமாடி, பக்கத்தில் எரியும் அடுப்பு என்றிருக்கிற அறையில் வெண்ணெய் வைத்தால் பத்து நிமிஷத்தில் குளம். இது சும்மா சம்பிரதாயம் அல்ல. சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது அதன் பரல்கள் வெண்ணெய்க்குள் குட்டிக் குட்டியாகக் காற்றறைகளைத் தோண்டுகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாக அறை கட்டாது, இருக்கிற அறையைத்தான் ஊதிப் பெரிதாக்கும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, கேக்கும் எழும்பாது. ஆகவே பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி அடித்தேன். பின்னால் அம்மா முருங்கைக் கீரையோடு காத்திருந்தார். ஆவின் வெண்ணெய் எங்கள் வீட்டுக்குள் வந்தால் அது நெய்யாவதற்காகத்தான் வருகிறது, அதன் விதியை நான் மாற்ற முயல்கிறேன் என்பது அவர் கட்சி. "உருகுனா சொல்லு, கீரைய போட்டு எறக்கிடறேன்."

ஆப்பிளின் முதுகைக் கீறியபோதுதான் அவருக்கு முதல் தடவையாக அதில் ஈடுபாடு வந்தது. காசிமேட்டு மீனைக் கழுவிக் கழுவித் தேர்ந்த கை. "வஞ்சிரத்துக்குக் கீறுற மாதிரி இன்னும் கொஞ்சம் ஆழமா கீறு, அப்பதான் மசாலா புடிக்கும்" என்றார். மசாலா கிடையாது என்றேன். ஈடுபாடு போய்விட்டது.

அடுத்தது மின்சாரப் பிரச்சினை. ஓவன் இழுக்கிற கரண்டுக்குப் பெரிய பிளக் வேண்டும். எங்கள் வீட்டில் பெரிய பிளக் ஒன்றே ஒன்று, அதுவும் படுக்கையறையில், ஏசிக்கு. ஏசியைக் கழற்றினேன். ஸ்டூல் போட்டு ஓவனை ஏற்றினேன். 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். மதியத் தூக்கத்தில் இருந்த அம்மா, ஜெர்மன் கேக், ஜன்னல் வழியே வந்த வெயில், மூன்றும் ஒரே அறையில் ஒன்றாக வெந்தன. "ஜெர்மனில எல்லாரும் பெட்ரூம்லதான் சுடுவாங்களா?" என்று மனைவி கேட்டாள். வெந்துவிட்டதா என்று பார்க்கப் புது ஈர்க்குச்சி ஒன்றைக் குத்தி எடுத்தேன், மாவு ஒட்டவில்லை. பொன்னிறமாக எழும்பியிருந்த கேக்கில் ஆப்பிள் துண்டுகள் முதுகு மட்டும் தெரிய அமிழ்ந்திருந்தன. மேலே கொஞ்சம் ஜாமைச் சூடாக்கித் தடவினேன், சர்க்கரைப் பொடி தூவினேன். சத்தியமாக அழகாக இருந்தது.

தெரு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் கேக் என்றால் மேலே கிரீம் வேண்டும், ரோஸ் பூ வேண்டும், யாருடைய பேராவது எழுதியிருக்க வேண்டும், வெட்டும்போது யாராவது கை தட்ட வேண்டும். பேர் இல்லாத கேக்கைப் பார்த்த எதிர்வீட்டுப் பையன், "யாருக்கு ஹேப்பி பர்த்டே?" என்று கேட்டுவிட்டு, யாருக்கும் இல்லை என்றதும் நம்பிக்கை இழந்து போனான். அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டார். "கிரீம் இல்ல, கலர் இல்ல, காரமும் இல்ல. நல்லாத்தான் கீது. பத்தியக் கேக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு போனார். மாடிப் பெரியவர் இரண்டு துண்டு தின்றுவிட்டு எம்டனை மன்னித்தார்.

பக்கத்து வீட்டு அக்காதான் சரியாகத் தீர்ப்புச் சொன்னார். சிவப்பு ஆப்பிள் இருந்த துண்டைக் கடித்து, "சக்கரைக்கு மேல சக்கரை" என்றார். பச்சை ஆப்பிள் துண்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "இந்தப் புளிப்புக்காப்பா அம்மாம் துட்டு குடுத்தே? நெத்திலிக் கொழம்புல போடுற மாங்காய நாலு கீத்து போட்டா தீந்துது." நான் யோசித்துப் பார்த்தேன். இதே மாவில் ஜெர்மன்காரர்கள் புளிப்புச் செர்ரியும் போடுகிறார்கள், பிளம்ஸும் போடுகிறார்கள். கிளிமூக்கு மாங்காய்க்கு மட்டும் என்ன தடை? சீசன் வேறு.

சாயங்காலம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிய மனைவியிடம் மாங்காய் அரைக் கிலோ வாங்கி வரச் சொன்னேன். அவள் பையை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. பொண்ணு காலேஜ் போற வயசுல நான் மாங்காய் வாங்குனா, சித்தி வளைகாப்புக்குத் தேதியே குறிச்சிடுவாங்க."