அரசுப் பணத்தில் சுதந்திரமாகப் பிள்ளை வளர்ப்பது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள். பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க ஆசை. அரசாங்கம் உங்கள் வாசற்படியை மிதிக்கக் கூடாது. அதன் பணம் மட்டும் வந்துவிட வேண்டும். நியாயமான ஆசைதான். இதோ வழி.

1. முதலில் மார்தட்டுங்கள். பிள்ளைகள் எல்லோரும் அரசுப் பள்ளிக்கே வர வேண்டும் என்ற ஆரிகன் மாநிலச் சட்டத்தை 1925இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1972இல் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திக்கொள்ள ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் பெற்றோருக்கு வழிவிட்டது. வீட்டுக்கல்வி பற்றி அது நேரடியாகத் தீர்ப்பு எதுவும் சொன்னதில்லை. இதை விருந்தாளிகளிடம் மூச்சுவிடாதீர்கள்.

2. பழைய வழியை ஏளனம் செய்யுங்கள். நோட்டரி முத்திரையோடு ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கவுண்டிக் கல்வி அதிகாரிக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. தேர்வு இல்லை, காசும் இல்லை. இங்கேதான் இடிக்கிறது.

3. கல்விச் சேமிப்புக் கணக்குக்கு விண்ணப்பியுங்கள். 2011இல் மாற்றுத்திறன் மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம், 2022இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பிள்ளையின் படிப்புக்காக அரசு அதில் போடுவது பொதுவாக ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர்.

4. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? படித்தால், வாசிப்பு, இலக்கணம், கணக்கு, சமூக அறிவியல், அறிவியல் கற்பிப்பதாக வாக்குக் கொடுத்திருப்பது தெரியும். அந்தப் பழைய பிரமாணப் பத்திரத்தோடு இந்தப் பணம் ஒத்துவராது என்பதும், சட்டப்படி நீங்கள் இனி வீட்டுக்கல்விக் குடும்பமே இல்லை என்பதும் தெரிந்துவிடும். வீண் மனக்கஷ்டம்.

5. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மாட்டைக் கொடுத்தவர் உங்கள் பல்லைப் பார்ப்பார். லெகோவும் பியானோவும் மக்கள் பணத்தில் வாங்கப்பட்ட கதை ஊரெல்லாம் அடிபட்டது. 2024இல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தலையிட்ட பிறகு, துணைப் பாடப்பொருள் வாங்கினால் அது எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது என்று காட்டச் சொன்னார்கள். பென்சில் எதற்கு என்று எழுதிப் பழகுங்கள்.

6. இப்போது கொதித்தெழுங்கள். “என் பிள்ளை, என் உரிமை!” யாராவது “யார் பணம்?” என்றால் பேச்சை மாற்றுங்கள். 1983 முதல் வீட்டுக்கல்விப் பெற்றோருக்காக வழக்காடும் சட்டப் பாதுகாப்புச் சங்கமே அரசுப் பணம் வேண்டாம் என்கிறதே என்றால், காது கேட்காதவர்போல் இருங்கள்.

7. எதுவும் சரிப்படவில்லையா? கணக்கை மூடிவிட்டு நோட்டரியிடம் போங்கள். அவருடைய கூலியை உங்கள் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதற்கு ரசீது கேட்க ஆளில்லை.