விதைக்காமல் விளைந்தது

கேள்வி: கொல்லையில் பத்தடி இடம்தான். விதைத்த கத்தரி வரவில்லை. விதைக்காத தக்காளியும் பப்பாளியும் தழைக்கின்றன. பிடுங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: வேண்டாம் அம்மா! அழையா விருந்தாளிதான், ஆனால் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்த விருந்தாளி. தக்காளி உங்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரில் வந்திருக்கும். கடையில் வாங்கியது வீரிய ஒட்டு ரகமானால் பிள்ளை தாயைப் போல இருக்காது; ரசத்துக்கு ஆகும். பப்பாளி பூக்கும்வரை பொறுங்கள். நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கினால் ஆண் மரம், காயை எதிர்பார்க்க வேண்டாம். தண்டை ஒட்டிப் பெரிய பூவாகப் பூத்தால் காய் உண்டு. மணத்தக்காளியும் முளைத்தால், அது கொண்டைக்குருவி வைத்த மொய்! தானாக முளைத்த கொடியில் காய்த்த சுரைக்காய் கசந்தால் மட்டும் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. சுவரிடுக்கில் அரசங்கன்று தலைகாட்டினால் அன்றே வேரோடு எடுத்துவிடுங்கள்.