கேஸ் ட்ரபிள்

வா மருமவனே, உக்காரு. அந்தத் தகர நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். என்னை மாதிரிதான் அதுவும், இன்னைக்கோ நாளைக்கோ. பாத்தியா, சொன்னதும் உன் மொகம் சுருங்குது. "அப்படியெல்லாம் பேசாதீய மாமா"ங்க. செம்பூர்ல இருந்து இந்த வெயில்ல ஆட்டோ புடிச்சு நீ தாராவிக்கு வந்ததே, நான் பேசக்கூடாதுன்னு சொல்லத்தானே?

"அப்பாட்ட மட்டும் வாய் தவறிச் சொல்லிராதீய, தாங்கமாட்டாவ." சரி, சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கேன். அத்தானைப் பரேலுக்கு, டாட்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியே, அங்க வச்சு என்ன சொன்ன? கேஸ் ட்ரபிளா? அட என் சுடலைமாடா! 1941ல தொறந்த ஆஸ்பத்திரி அது. என்ன நோய்க்குள்ள கட்டடம்னு அந்தத் தெருவுல எளநி வெட்டுறவனுக்குத் தெரியும். பிளாட்பாரத்துல ஊர் ஊரா வந்து படுத்துக் கெடக்குற சனத்துக்குத் தெரியும். அம்பது வருசம் இந்தப் பம்பாயில உப்புத் தோலைச் சொமந்த மனுசனுக்கு மட்டும் தெரியாதாக்கும்? கேஸ் ட்ரபிள்னா எவனும் ஓமத்தண்ணி குடிப்பான். பரேல்ல போயி வரிசையில நிப்பானால?

போன வாரம் அத்தான் இங்கதான் வந்தாவ. அதே ஆடுற நாற்காலில உக்காந்து, பீடியைப் பத்த வைக்காம கையில உருட்டிக்கிட்டே சொன்னாவ: "மச்சான், எனக்கு என்னன்னு வெளங்கிட்டு. பயகிட்ட சொல்லிராத, பயந்துருவான்."

அப்பனுக்குத் தெரியாதுன்னு மவன் நடிக்கான். மவனுக்குத் தெரியாதுன்னு அப்பன் நடிக்கான். ரெண்டு பேருக்கும் தெரியாதுன்னு எங்கக்கா அடுப்படியில நின்னு நடிக்கா. நான் ஒருத்தன் டிக்கெட் எடுக்காமப் பாக்கேன். என்ன முறைக்க? வாக்கைக் காப்பாத்தலன்னா? உன் வெசயத்தை அவர்ட்ட சொல்லமாட்டேன்னுதான் உனக்குச் சத்தியம். அவருக்கு நான் சத்தியம் பண்ணல, "பாப்பம்"னுதான் சொன்னேன்.

எனக்கு ஒண்ணு மட்டும் புரியமாட்டேங்கு. நம்ம திருநவேலிக்காரன் வாயில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் செத்த பேச்சுதான். காப்பி ஆறிட்டா "எழவு". லோக்கல் ரயிலை விட்டுட்டா "சவத்த விடு". புள்ளை பரிச்சையில தோத்தா "சவத்து மூதி". இவ்வளவும் பேசுற வாய், நெசமாவே ஒரு எழவு விழுந்தா மூடிக்கிடுது. "எக்ஸ்பயர் ஆயிட்டாரு"ங்கான். மருந்துக் குப்பியாலே அவரு? இந்திக்காரன் பாசையைக் கேட்டுட்டு நம்ம பயலுவளும் "ஆஃப் ஆயிட்டாரு"ங்கானுவ. ஃபேன் மாதிரி. மாட்டுங்காவுல பூக்கடைக்காரன் ஒருத்தன் இருக்கான். மாலை கேட்டா, "சாமிக்கா, கல்யாணத்துக்கா?"ன்னு கேட்டுட்டு, மூணாவதுக்கு வார்த்தை இல்லாம கண்ணை மேல உருட்டுவான். நானும் கண்ணை உருட்டுவேன். வெலை மட்டும் வாயால சொல்லுவான்.

சுடுகாட்டுச் சாமிக்குக் கொடை எடுக்குற கூட்டம் நாம. நடுச்சாமத்துல தீப்பந்தத்தோட சுடலைக்கு வேட்டைக்குப் போன சாமியாடியோட பேரன், இப்பம் செம்பூர் பிளாட்டுல "டெத்"ங்கிற சொல்லை டிவியில கேட்டா சேனலை மாத்துதான்.

பேசினா வந்துருங்கிறியா? உன் தம்பி கல்யாணத்தைப் பன்னெண்டு வருசமாப் பேசுதோம். வந்துச்சா?

சிரிக்காத. இனிமே சொல்லுறது சிரிப்பு இல்ல. 1971. நான் ஒத்தை ஆளா இங்க சால்ல கெடந்தேன். ஒருநா மத்தியானம் தந்தி. "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி." எனக்கு வாசிக்கத் தெரியாது, தபால்காரர்தான் வாசிச்சாரு. மராத்திக்காரரு. வாசிச்சுட்டு என் மொகத்தைப் பாக்காம சைக்கிளைத் திருப்பினாரு. அந்த வாசகத்துக்கு என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அம்மை செத்துட்டான்னு தந்தி அடிக்கக்கூடாதுன்னு எங்க சித்தப்பாவுக்கு நல்ல மனசு. பய ரயில்ல தனியா வருவான், தாங்கமாட்டான். உன்னை மாதிரியே நல்ல மனசு.

மெட்ராஸ் போயி, அங்க ரயில் மாறி, திருநவேலி போய்ச் சேரணும். வழி நெடுக நான் சாமிட்ட பேரம் பேசிக்கிட்டே போனேன். ஒரு கெடா, ரெண்டு கெடா, மொட்டை, காவடி. ஊர்ல எறங்கினா காடாத்தே முடிஞ்சிட்டு. வாய்க்கரிசி போடல, நீர்மாலைக்குப் போகல. அழுறதுக்குக்கூட ஊர் எனக்கு முன்னாடியே அழுது முடிச்சிட்டு. அம்மை போனது ஒரு துக்கம். இல்லாத உசுருக்காக ரெண்டு ராத்திரி நேந்துக்கிட்டு வந்தேனே, அந்த ஏமாத்தம் தனித் துக்கம். 2013 ஜூலையில தந்தியையே அரசாங்கம் நிறுத்திட்டுன்னு சொன்னானுவ. ஊரே "ஐயோ, பழைய சாமான் போச்சே"ன்னுச்சு. நான் வடை வாங்கித் தின்னேன்.

ஊர்ல ஒளிச்சு வச்சா சாவைக் கும்பிட்டோம்? துட்டி விழுந்தா சங்கு, சேகண்டி, கொட்டு. கேதம் சொல்ல ஊர் ஊரா ஆள் போவும். ஒப்பாரியில கெழவிங்க சொல்லாத உண்மை உண்டா? செத்தவன் குடிச்சது, வெள்ளாமைய வித்தது, மருமவ சோறு போடாதது எல்லாம் ராகத்தோட வந்துரும். பொணம் எந்திரிச்சுப் பதில் சொல்லாதுங்கிற தைரியம். சங்ககாலத்துப் புலவனுவளே இதுக்குன்னு கையறுநிலைன்னு ஒரு துறை வச்சுப் பாடியிருக்கானுவ, உன் மவ தமிழ்ப் புஸ்தகத்துல இருந்து சொன்னா. உங்க பில்டிங்குல பத்து மணிக்கு மேல ஒப்பாரி வச்சா வாச்மேன் வருவான். பத்தாம் மாடியில இருந்து பொணத்தை அந்தச் சின்ன லிப்டுல நிக்க வச்சுத்தான் எறக்கணும்னு சொன்னியே, பாவம், உசுரோட இருந்தப்பமே அந்த லிப்டுக்கு நின்னு கால் வலிச்சிருக்கும்.

வெள்ளைக்காரன் இப்பந்தான் முழிச்சிருக்கான். லண்டன்ல 2011ல ஜான் அண்டர்வுட்னு ஒருத்தரு, தன் வீட்டுலயே ஆளைக் கூப்பிட்டு, டீயும் கேக்கும் குடுத்து, சாவைப் பத்திப் பேசுங்கய்யான்னு உக்கார வச்சாராம். டெத் கஃபேன்னு பேரு. அவருக்கு முன்னாடியே சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தரு ஆரம்பிச்சதாம். இப்பம் பல நாட்டுல நடக்கு. எனக்கு என்ன கோவம்னா, துட்டி வீட்டுத் திண்ணையில கடுங்காப்பியைக் குடிச்சுக்கிட்டு நம்ம பாட்டன் பூட்டன் பண்ணினதுதானே இது. கேக்கு மட்டும்தான் புதுசு. திண்ணையை இடிச்சோம், காப்பியை நிறுத்தினோம், பேச்சும் போச்சு.

போனது போவட்டும், இருக்கிறவன் கதையைக் கேளு. ஒங்க அத்தை போயி ஆறு வருசமாவுது. இங்க வாறவன் பூரா கிரிக்கெட் பேசுதான், மழை பேசுதான், தாராவியை இடிச்சுக் கட்டப்போற பில்டிங்கைப் பேசுதான். அவ பேரை எடுத்தா எனக்கு அழுகை வந்துருமாம். வந்தா என்னல? இங்க கொழாயிலதான் தண்ணிக்குப் பஞ்சம், கண்ணுலயுமா? ஒரே ஒருத்தன், காலையில ஹாரன் அடிச்சுக்கிட்டு சைக்கிள்ல இட்லி கொண்டாருவானே, அவன்தான் ஒருநா சொன்னான்: "பெரியம்மா நாலு இட்லிக்கு ரெண்டு கரண்டிச் சட்டினி கேட்டுச் சண்டை போடுவாவ." அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்புல பொரை ஏறிட்டு. அப்புறம் அழுதேன். அப்புறம் இட்லியத் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

சரி, காரியத்துக்கு வாரேன். டாட்டா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே கே.ஈ.எம். இருக்குல்லா? அங்க அருணா ஷான்பாக்னு ஒரு நர்ஸம்மா. 1973 நவம்பர்ல ஒரு படுபாவி பண்ணின கொடுமையில மூளை அடிபட்டு, 2015 மே மாசம் வரைக்கும் அதே ஆஸ்பத்திரியில, ஏறக்கொறைய 42 வருசம் கெடந்தாவ. நர்ஸுங்க கூடப்பொறந்தவளா வச்சுப் பாத்தாவ, அது பெரிய மனசு. அந்தம்மாவை விட்டுருங்கன்னு போட்ட மனுவை 2011ல சுப்ரீம் கோர்ட்டு ஏத்துக்கல. ஆனா, மீள வழியில்லாதவங்களுக்குச் செயற்கையா இழுத்துப் புடிக்கிற வைத்தியத்தை நிபந்தனையோட நிறுத்தலாம்னு அந்தத் தீர்ப்புலதான் வந்துச்சு. 2018ல இன்னொரு தீர்ப்பு: புத்தி தெளிவா இருக்கும்போதே, "கடைசியில எனக்கு இது வேணும், இது வேண்டாம்"னு எழுதி வைக்கலாம்னு. மொதல்ல அதுக்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னானுவ. ரேசன் கார்டுல பேரு திருத்தவே ரெண்டு வருசம் ஆவுற ஊருல! அப்புறம் 2023 சனவரியில எறங்கி வந்து, ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி போதும்னுட்டாவ. எழுதி வச்சதுனால எவனும் உடனே ஒயரைப் புடுங்கிற மாட்டான். டாக்டருங்க ரெண்டு குழு பாத்துத்தான் முடிவு.

நான் எழுதிட்டேன். ஆமால. நோட்டரி என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "என்ன, லீவ் அண்ட் லைசென்ஸா?"ன்னாரு. பம்பாயில கெழவன் கையில பத்திரம் இருந்தா வாடகை ஒப்பந்தந்தானே. "ஆமா சாப், லீவுதான். ரூமைக் காலி பண்ணுறதுக்கு, பதினோரு மாசம் கணக்கு இல்லாம"ன்னேன். வாசிச்சுப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "எனக்கும் ஒண்ணு எழுதணும்"ன்னாரு. என்கிட்ட பீஸைக் கொறைக்கல, அது வேற.

மொத சாட்சி பக்கத்து ரூம் மராத்தி அக்கா. கையெழுத்துப் போட்டுட்டு மூக்கைச் சிந்தினா. ரெண்டாவது நம்ம இட்லிக்காரன்.

அத்தானுக்கும் ஒரு இடம் சொல்லி வைக்கேன். பாந்த்ரா மலை மேல, மவுண்ட் மேரி கோயில் பக்கம், சாந்தி அவேத்னா சதன். 1986ல தொடங்கினது, இந்தியாவுலயே மொதல்னு சொல்லுவாவ. கூட வேலை பாத்த ஒருத்தனைப் பாக்க அங்க போயிருக்கேன். வலிக்கு மருந்து உண்டு, பேச ஆளும் உண்டு. இப்பமே போகணும்னு இல்ல, இருக்குன்னு தெரிஞ்சா போதும். அவருக்கு என்ன ஆசைன்னு கேட்டியா? பங்குனியில ஊர்க் கோயிலுக்கு ஒருவாட்டி போவணுமாம். கொள்ளி ஊர்லயா, செம்பூர் சுடுகாட்டுலயான்னு உன்கிட்ட பேசணுமாம். நீதான் ஜெலுசில் வாங்கிக் குடுத்துட்டு ஓடுத.

இந்தா, இதைக் கையில வாங்கு. என் பத்திரத்தோட நகல். அந்த வெள்ளைக் கறை இட்லி மாவு, அதைச் சொரண்டாத. எனக்குப் பேச்சு நின்ன பொறவு டாக்டருங்ககிட்ட என் சார்பா யாரு பேசணும்னு மூணாம் பத்தியில ஒரு பேரு எழுதியிருக்கு, கண்ணாடியைப் போட்டு வாசி. என்னல, கை நடுங்குது? எனக்குன்னு இங்க வேற யாரு இருக்கா, உன்னை விட்டா?

ஞாயித்துக்கெழம அத்தானையும் அக்காளையும் கூட்டிட்டு வா. கடுங்காப்பி நான் போடுதேன். பேச்சை அவரே ஆரம்பிப்பாரு, நீ கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும். நடுவுல கேஸ் ட்ரபிள்னு மட்டும் சொல்லிராத. எனக்குச் சிரிப்பு வந்துரும்.